ஆவி பறக்கிற கஞ்சியில் புரோபயாடிக்கைத் தூவாதீர்கள்

எங்கள் பாட்டாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. போன மழைக்காலத்தில் சளி பிடித்து ஆன்டிபயாடிக் எழுதிய டாக்டர், வயிற்றோட்டம் வராமலிருக்க ஒரு புரோபயாடிக் கேப்சூலும், அதாவது வயிற்றுக்கு நல்லது செய்யும் உயிருள்ள கிருமி அடங்கியதும், சேர்த்துக் கொடுத்தார். முழுங்கக் கஷ்டம் என்று பாட்டா அதைப் பிரித்து, அடுப்பிலிருந்து இறக்கின கஞ்சியில் தூவி, பயறும் துவையலும் தொட்டுக் குடித்து முடித்துவிட்டார். உள்ளே இருந்தது லாக்டோபேசில்லஸ் என்ற உயிருள்ள பாக்டீரியா. அந்தச் சூட்டுக்கு அது தாங்குமா? செத்துப்போயிருக்கும். முழுங்க முடியாதென்றால் பொடிப் பாக்கெட்டாகவே கிடைக்கிறது, ஆறின கஞ்சியிலோ மோரிலோ கலக்கலாம்.

அதைவிடப் பெரிய தவறு, இரண்டு மாத்திரையையும் ஒரே வாயில் போட்டுக்கொள்வது. பாக்டீரியாவைக் கொல்லும் மருந்தோடு பாக்டீரியாவையும் சேர்த்து அனுப்பினால் யார் ஜெயிப்பார்? குறைந்தது 2 மணி நேரம் இடைவெளி விடுங்கள். சாக்கரோமைசிஸ் பௌலார்டி என்று அட்டையில் போட்டிருந்தால் கதை வேறு, அது ஈஸ்ட், அதாவது ஒரு வகைப் பூஞ்சை, ஆன்டிபயாடிக்குக்கு மசியாது. ஆனால் பூஞ்சைக்கான மருந்து அதையும் தீர்த்துவிடும்.

இட்லி புளித்த மாவுதானே, புளிசேரி தயிர்தானே என்று கேட்பவர்கள் நம் ஊரில் நிறைய. இரண்டும் நல்ல சாப்பாடுதான், ஆனால் அடுப்பேறியபின் உயிருள்ள பாக்டீரியாவை அதில் எதிர்பார்க்காதீர்கள். பழங்கஞ்சி, மோர், வீட்டுத் தயிர் இவற்றில் உண்டு. எந்த வகை, எத்தனை கோடி என்று எண்ணித்தான் சொல்ல முடியாது. பிரஷர் உள்ளவர்கள் மோரில் உப்பைப் பார்த்துப் போடுங்கள்.

அப்புறம், "இதைச் சாப்பிட்டா எதிர்ப்பு சக்தி வந்திரும், ஊசியெல்லாம் எதுக்கு மக்கா" என்ற பேச்சு. வயதாக ஆக எதிர்ப்பு சக்தி தளர்வது உண்மை. சில வகைப் புரோபயாடிக் சளி, இருமலைக் கொஞ்சம் குறைப்பதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன, சில அப்படிச் சொல்லவில்லை. ஒரு வகைக்குக் கிடைத்த பலன் இன்னொன்றுக்கும் பொருந்தும் என்று சொல்ல முடியாது, ஆகவே விளம்பரத்தை நம்பி ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகளைத் தள்ளிப்போடாதீர்கள்.

கீமோதெரபி எடுப்பவர்கள், எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்கள், பெரிய ரத்தக்குழாயில் டியூப் வைத்திருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது. அரிதாக, அந்த நல்ல கிருமியே ரத்தத்தில் கலந்து தொற்றாகிவிடும்.

பாட்டா இப்போது கஞ்சி ஆறும்வரை ஒரு மட்டிப்பழத்தை உரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அதுவும் நல்லதுதான், வயிற்றுப் பாக்டீரியாவுக்கும் தீனி வேண்டுமே.