ஆய்வகச் சிறுநீரகம்: செய்தி படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

‘ஆய்வகத்தில் சிறுநீரகம் வளர்ந்தது’ என்று படித்ததும் டயாலிசிஸுக்கு விடைகொடுத்துவிடாதீர்கள். வளர்ந்தது சில மில்லிமீட்டர் அகலமுள்ள திசு. ஆர்கனாய்டு என்பார்கள். ரத்தத்தை வடிகட்டும் நுண்ணிய அலகுகளான நெஃப்ரான்கள் அதில் உண்டு. சிறுநீர் வெளியேறும் பாதைதான் கிடையாது.

ஏன் கிடையாது என்பதற்கு விடை கருவில் இருக்கிறது. சிறுநீரகம் ஒரே விதையிலிருந்து முளைக்கிறது என்ற எண்ணம் பாடம் படித்தவர்களிடமும் காணப்படும் பிழை. ஐந்தாவது வாரத்தில் ஒரு குழாயிலிருந்து அரும்பு கிளம்பி, அருகிலுள்ள செல்கூட்டத்துக்குள் நுழைகிறது. ஜிடிஎன்எஃப் என்ற புரதத்தைச் சுரந்து அரும்பை வரவழைப்பதே அந்தச் செல்கூட்டம்தான். வந்த அரும்போ செல்கூட்டத்தை நெஃப்ரான்களாக மாறத் தூண்டுகிறது; தானும் கிளைகிளையாகப் பிரிந்து வடிகாலாகிறது. வடிகட்டி ஒரு வீட்டுப் பிள்ளை, வடிகால் இன்னொரு வீட்டுப் பிள்ளை. இந்தச் சம்பந்தம் கூடாவிட்டால் சிறுநீரகமே உருவாகாமல் போகலாம்.

அரும்பு கிளம்பிய அந்தக் குழாய், கருவில் முன்னதாகத் தோன்றி மறையும் தற்காலிகச் சிறுநீரகங்களின் மிச்சம். அவற்றை வீண் என்று ஒதுக்குவதும் அவசர முடிவுதான். ஆண்களில் விந்துக்குழாயாக நிலைப்பதும் அதே குழாய்.

ஆகவே, குருத்தணுக்களுக்கு (பல வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்கள்) ஒரே கரைசலை ஊற்றினால் வடிகட்டி, வடிகால் இரண்டும் கிடைத்துவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. இரண்டும் கருவின் வெவ்வேறு இடங்களிலிருந்து வருபவை என்று ஜப்பானின் குமமோட்டோ பல்கலைக்கழகக் குழு 2014-இல் காட்டியது. 2017-இல் அதே குழு, சுண்டெலிக் குருத்தணுக்களிலிருந்து இரண்டையும் தனித்தனியே வளர்த்துச் சேர்த்தபோது கிளைவிட்ட அமைப்பு கிடைத்தது. அதற்கும் கருவிலிருந்து எடுத்த துணைத்திசு தேவைப்பட்டது!

‘இன்னும் சில மாதங்கள் வளர்த்தால் முதிர்ந்துவிடாதா?’ என்று கேட்கத் தோன்றும். மனித ஆர்கனாய்டின் மரபணுச் செயல்பாடு முதல் மூன்று மாதக் கருவின் சிறுநீரகத்தையே ஒத்திருக்கிறது. ரத்த ஓட்டம் இல்லாமல் நாட்களைக் கூட்டினால், தேவையற்ற செல்கள்தான் பெருகுகின்றன.

வளர்ந்தவரின் சிறுநீரகம் புது நெஃப்ரான்களை உண்டாக்கும் என்பதும் தவறு. கர்ப்பத்தின் ஏறத்தாழ 36-ஆவது வாரத்தோடு அந்த உற்பத்தி நின்றுவிடுகிறது. ‘நெஃப்ரான்களைப் புதிதாக முளைக்கவைக்கும் ஊசி’ என்று யாராவது விற்றால் பர்ஸை மூடிக்கொள்ளுங்கள்.

அதற்காக ஆர்கனாய்டை விளையாட்டுப் பொருளாக நினைக்க வேண்டாம். சிறுநீரக நீர்க்கட்டி நோயோடு தொடர்புடைய மரபணுவை ஆர்கனாய்டில் செயலிழக்கச் செய்தபோது, ஆய்வகத் தட்டிலேயே நீர்க்கட்டிகள் தோன்றின. தட்டில் ஒட்டவிடாமல் மிதக்கவிட்டதும் அவை இன்னும் ஏராளமாகப் பெருகின. சுற்றுச்சூழலும் நோயை வளர்க்கிறது என்பதற்கான துப்பு அங்கே கிடைத்தது.