ஜாக்கெட்டா, பேக்பிளேட்டா?

அந்தமான் ஹேவ்லாக்கில் ஸ்கூபா டைவிங்குக்கு வாடகை ஜாக்கெட் பிசிடியோடு (காற்றை ஊதி மிதப்பைச் சரிசெய்யும் அங்கி) கடலில் இறங்கும்போதெல்லாம் கால் கீழே தொங்கும், துடுப்பு மணலைக் கிளறும். மூழ்குவதற்காக இடுப்பு பெல்ட்டில் இருந்த ஈய எடையில் 2 கிலோவைச் சிலிண்டர் பட்டைக்கு, தோள் பக்கமாக மாற்றினேன். உடல் மட்டமாக நின்றது.

அப்புறம் பேக்பிளேட் (முதுகில் மாட்டும் உலோகத் தகடு), விங் (அதோடு சேரும் காற்றுப்பை) போட்டுப் பார்த்தேன். காற்றுப்பை முதுகில் இருப்பதால் நெஞ்சுக்கு இறுக்கமே இல்லை. மேற்பரப்பில் அதிகமாக ஊதினால் மட்டும் குப்புறத் தள்ளும். சற்றுப் பின்னால் சாய்ந்தால் சரி. எஃகுத் தகடு பெல்ட் ஈயத்தைக் குறைக்கும், ஆனால் விமானப் பெட்டியில் கனக்கும். அதனால் அலுமினியத் தகடுதான் வாங்கினேன்.

எடையைச் சரிபார்ப்பது சிலிண்டரில் 50 பார் காற்றழுத்தம் மீதமிருக்கும்போது, ஏனென்றால் அலுமினியச் சிலிண்டர் காலியாகக் காலியாக மிதக்கத் தொடங்கும். நீருக்கடிக் குகைகளில் டைவ் செய்பவர்களின் 2.1 மீட்டர் சுவாசக் குழாய் எனக்கு இப்போதைக்கு வேண்டாம்.