பெறுநர் இல்லாத மனுக்கள்: குடிமையியல் வகுப்பில் நாம் செய்யும் தவறுகள்

எட்டாம் வகுப்பில் ஒருமுறை, தெருவிளக்கு எரியவில்லை என்று ஒரு மனு எழுதி வரச் சொன்னேன். மறுநாள் மேசையில் நோட்டுகள் குவிந்தன. பாதிப் பேர் மாவட்ட ஆட்சியருக்கு எழுதியிருந்தார்கள். நாலைந்து பேர் நேராக முதலமைச்சருக்கே. எல்லாவற்றிலும் திருடர் பயம், பாம்பு பயம், ‘தாங்கள் தயவுகூர்ந்து’. எந்தத் தெரு, எந்தக் கம்பம், எத்தனை நாளாக எரியவில்லை என்பது மட்டும் இல்லை. ஒரே ஒரு மாணவி கம்பத்தில் பெயின்ட்டால் எழுதியிருந்த எண்ணைப் பார்த்துக் குறித்து வந்திருந்தாள். எழுத்துப்பிழை ஏழெட்டு இருந்தது. நான் அவளுக்குத்தான் மார்க்கைக் குறைத்தேன்.

சமூக அறிவியல் ஆசிரியர்கள் செய்யும் தவறுகளில் இதைத்தான் முதலில் வைப்பேன். மொழிப்பாட நோட்டைத் திருத்துகிற அதே சிவப்புப் பேனாவை அப்படியே குடிமையியல் நோட்டுக்கும் எடுத்துவந்துவிடுகிறோம். ஒற்றுப்பிழையைச் சுழித்துவிட்டு, தெருவிளக்குக்கு ஆட்சியரைக் கூப்பிட்டதைக் கண்டுகொள்ளாமல் விடுகிறோம். கிராமத்தில் தெருவிளக்கு ஊராட்சியின் வேலை. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் அதை ஊராட்சியின் கடமைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. அப்படியானால் மனு போக வேண்டியது ஊராட்சித் தலைவருக்கு. ஊர் நகராட்சியாக இருந்தால் ஆணையருக்கு. ‘பெறுநர்’ என்ற அந்த ஒற்றை வரியைச் சரியாக நிரப்பத் தெரிந்த பிள்ளைக்கு உள்ளாட்சிப் பாடம் பாதி முடிந்துவிட்டது. இப்போதெல்லாம் நான் முதலில் மார்க் போடுவது அந்த வரிக்குத்தான்.

வாசிப்பில் நடக்கும் தவறு வேறு வகை. பாடநூல், அதற்கு ஒரு கைடு, கைடுக்கு ஒரு நோட்ஸ் என்று சுருக்கத்துக்குச் சுருக்கமாகக் கொடுத்துக்கொண்டே போகிறோம். மூலத்தைப் பிள்ளைகள் கண்ணால் பார்ப்பதே இல்லை. 42, 44, 61, 73 என்று அரசியலமைப்புத் திருத்தங்களின் எண்களை ஒப்பிப்பார்கள், எது என்ன மாற்றியது என்றால் விழிப்பார்கள். அரசியலமைப்பின் முகப்புரையை எடுத்துக்கொள்ளுங்கள். 1950இல் நடைமுறைக்கு வந்தபோது இருந்த வடிவத்தையும், 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தத்துக்குப் பிறகான வடிவத்தையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்து, புதிதாக வந்ததை அடிக்கோடிடச் சொல்லுங்கள். சமதர்மம், மதச்சார்பின்மை இரண்டையும் உடனே பிடித்துவிடுவார்கள். ‘ஒருமைப்பாடு’ என்ற மூன்றாவதை வகுப்பே கோட்டைவிடும். அதைக் கண்டுபிடிக்கிறவன் அதன்பிறகு அந்தப் பக்கத்தை மறக்கவே மாட்டான். அதற்காக எட்டாம் வகுப்புக்குச் சட்டப் பிரிவுகளைப் பக்கம் பக்கமாகக் கொடுக்கக் கூடாது. பத்து வரி போதும், அது மூலத்தின் பத்து வரியாக இருக்கட்டும்.

கிராம சபைக்கும் இதே கதி. ‘கிராம சபை பற்றி ஒரு பக்க அளவில் எழுதுக’ என்று கொடுத்தால் கைடு அப்படியே திரும்பி வரும். தமிழ்நாட்டில் 2022 முதல் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடவேண்டும் என்று ஆக்கியிருக்கிறார்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பிள்ளைகளுக்கு அங்கே ஓட்டு இல்லை. உறுப்பினர் என்றால் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். ஆனால் தீர்மானத்தின் நகல் ஒன்று கிடைத்தால் வகுப்புக்கு அது விருந்து. ‘ஒருமனதாக நிறைவேற்றப்பட்டது’, ‘விரைவில் நடவடிக்கை எடுக்கப்படும்’, ‘பரிசீலிக்கப்படும்’. ஒவ்வொரு ‘-ப்படும்’மையும் வட்டமிட்டு, பக்கத்தில் ‘யாரால்?’ என்று எழுதச் சொல்வேன். முக்கால்வாசி இடம் காலியாகவே இருக்கும். அரசாங்கத் தமிழில் எழுவாய் ஒளிந்துகொள்கிற வித்தையை இதைவிடச் சுலபமாகக் காட்டமுடியாது. பிறகு முகப்புரையை மறுபடி எடுத்தால், அங்கே ‘நாம்’ என்று எழுவாய் முதல் வரியிலேயே நிற்கிறது.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் பற்றிய ஒப்படைப்பில் எல்லாரும் விழுகிற பள்ளம் ‘ஏன்’ என்ற சொல். ‘எங்கள் ஊருக்கு ஏன் பஸ் விடவில்லை?’ என்று எழுதினால், நிறையத் தடவை கையை விரித்துத்தான் பதில் வரும். 2005ஆம் ஆண்டின் இந்தச் சட்டம் தருவது அலுவலகத்திடம் பதிவாக இருக்கும் தகவலை. விளக்கம் கேட்டு வழக்காடுகிற இடம் அது இல்லை. ‘இன்ன தட எண் பேருந்தின் நேர அட்டவணை நகல்’ என்று கேட்கவேண்டும். காரணம் சொல்லத் தேவையில்லை, பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும், முப்பது நாளில் பதில் தரவேண்டும். ‘ஏன்’ கேள்வி ஒன்றை ‘எந்த ஆவணம்’ என்ற கேள்வியாக மாற்றி எழுதுவதுதான் இங்கே பயிற்சி; மற்றதெல்லாம் படிவம். ஒன்று மட்டும்: சட்டம் வயது வரம்பு வைக்கவில்லைதான், என்றாலும் பிள்ளையின் பெயரையும் வீட்டு முகவரியையும் போட்டு நிஜமாகவே அனுப்பிவிடாதீர்கள். வகுப்புப் பயிற்சிக்கு அது தேவையில்லாத வம்பு.

கட்சிப் பேச்சு வந்துவிடுமோ என்ற பயத்தில் ‘மக்களாட்சியின் சிறப்பு’ என்று தலைப்புக் கொடுக்கிறவர்கள் உண்டு. யாரும் மறுத்துப் பேசமுடியாத தலைப்பில் எழுத என்ன இருக்கிறது? ஓட்டுப் போட 18 வயது. 61ஆவது திருத்தத்துக்கு முன்பு அதுவே 21ஆக இருந்தது. ஊராட்சித் தேர்தலில் நிற்க 21, சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் 25, மாநிலங்களவைக்கு 30. இந்த வித்தியாசம் நியாயமா? கட்சி வாசனையே இல்லாமல் வகுப்பு இரண்டாகப் பிரியும். தன் கருத்துக்கு எதிரான பத்தியை முதலில் எழுதட்டும். ஆசிரியரின் கருத்து எது என்று மோப்பம் பிடித்து அதையே எழுதித் தருகிற கெட்டிக்காரர்களிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

கடைசித் தவறு, எழுதியதை நோட்டிலேயே புதைத்துவிடுவது. அந்த வருடமே தெருவிளக்கு மனுவை மறுபடி எழுதவைத்தேன். இந்த முறை வகுப்பு முழுக்கச் சேர்ந்து ஒரே மனு, கம்ப எண்ணோடு. பள்ளி மேலாண்மைக் குழுவில் இருந்த ஒரு அம்மா தன் பெயரில் கையெழுத்துப் போட்டு ஊராட்சி அலுவலகத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கி வந்தார். அதை வகுப்புச் சுவரில் ஒட்டினோம். விளக்கு எரியப் பதினோரு நாள் ஆனது. அதுவரை தினமும் காலையில், வருகைப் பதிவேட்டைத் திறக்கும்போதே, கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து “இன்னும் எரியல சார்” என்று சொல்லிவிட்டு உட்காருவான்.