அதிகாலை மூன்று மணிக்கும் மிஷின் முன்னால் நிற்காதீர்கள்

ஓசூர் பக்கம் ஜாப் ஆர்டர் எடுத்து லேத்தும் சிஎன்சியும் (உலோகத்தைக் கடைகிற கம்ப்யூட்டர் மிஷின்) ஓட்டுகிற சின்ன முதலாளிகளை நினைத்துத்தான், ஓயாத வேலையில் உடம்பும் மனசும் தீர்ந்துபோகிற 'பர்ன்அவுட்' பற்றி எழுதுகிறேன், ஆனால் கிருஷ்ணகிரியில் மாங்கூழ் சீசனுக்கு ஓடுகிறவர்களுக்கும் இதில் முக்கால்வாசி பொருந்தும்.

தூங்காமல் இருப்பதுதான் உழைப்பு என்று நினைப்பது பெரிய தவறு. நானும் அப்படி நினைத்தவன்தான். ஒரு அவசர ஆர்டருக்காகக் காலை ஆறு மணிக்கு ஷெட்டுக்குள் போனவன், மறுநாள் அதிகாலை மூன்று மணிக்கும் மிஷின் முன்னால் நின்றேன். ட்ராயிங்கில் துளை 24.5 மில்லிமீட்டர், நான் போட்டது 25.4. முதல் பீஸை அளக்காமலும் விடவில்லை, அளந்தேன், 25.4 என்றுதான் காட்டியது, அதைப் பார்த்தே சரி என்று மனது சொல்லிவிட்டது. விடிந்ததும் வந்த பையன் துளை அளவு பார்க்கும் கேஜை உள்ளே விட்டுப் பார்த்து, "அண்ணா, இது லொடலொடன்னு ஆடுதுங்களே" என்றான். துளை சின்னதாக இருந்தால் மறுபடி கடைந்து சரிசெய்யலாம், பெரிதானால் ஸ்க்ராப்தான். 180 பீஸ் போச்சு.

தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனம், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவருடைய அளவுக்கு மங்கிவிடும் என்று ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். நம் நாட்டில் வண்டி ஓட்ட அனுமதி 0.03 வரைதான். அப்புறம் அதே நிலையில் பைக்கில் வீட்டுக்கும் போகிறோம்!

அடுத்தது, எல்லா விவரத்தையும் நம் தலைக்குள்ளேயே வைத்துக்கொள்வது. எந்த வேலைக்கு எந்த டூல், எந்த கம்பெனிக்கு எப்படி பேக்கிங் என்று நமக்கு மட்டும் தெரிந்திருந்தால், கோவிலில் நிற்கும்போதும் போன் வரத்தான் செய்யும். ஒவ்வொரு ஐட்டத்துக்கும் செட்டிங் விவரத்தை ஒரு நோட்டில் எழுதி மிஷினிலேயே கட்டித் தொங்கவிட்டேன். எழுத இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது, ராத்திரி போன் பாதிக்குமேல் குறைந்துவிட்டது.

வர வேண்டிய பணத்துக்கு அலைவது இன்னொரு பாரம், இதில் கூச்சம் வேண்டாம். அரசின் உத்யம் தளத்தில் பதிவு செய்த குறு, சிறு உற்பத்தியாளருக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டு சட்டமே சொல்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். அந்த வரியை பில்லிலேயே அச்சடித்துவிடுங்கள். தினமும் பத்து முறை கேட்காமல், வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கி மொத்தமாகக் கேளுங்கள். கொடுக்காத இடத்திலேயே திரும்பத் திரும்ப புது ஆர்டர் எடுத்து, அதை முடிக்கக் கடன் வாங்கி ராத்திரி ஷிஃப்ட் ஓட்டுவது உடம்பையும் பணத்தையும் சேர்த்துத் தின்னும்.

சாதாரண அசதியையும் பர்ன்அவுட்டையும் ஒன்றாக எண்ணக்கூடாது. அசதி என்றால் ஒரு நாள் நன்றாகத் தூங்கினால் போய்விடும். உலக சுகாதார நிறுவனம் 2019இல் தன் நோய் வகைப்பாட்டுப் பட்டியலில் பர்ன்அவுட்டை விளக்கியபோது மூன்று அறிகுறிகளைச் சொன்னது: சக்தியே இல்லாமல் போவது, வேலைமேல் வெறுப்பும் விலகலும் வருவது, செய்கிற வேலையில் திறன் குறைவது. ஞாயிறு முழுக்க ஓய்வெடுத்தும் திங்கட்கிழமை ஷெட் ஷட்டரைத் தூக்கக் கை வராமல், பசங்களைக் காரணமில்லாமல் திட்டினால், அது வெறும் அசதியில்லை, பர்ன்அவுட்டாக இருக்கலாம் என்று பாருங்கள்.

எனக்கு அப்படி ஆனபோது வீட்டில் மூன்று மாதம் சொல்லவில்லை. ஆர்டர் நிலவரம், கடன், எல்லாவற்றையும் மறைத்தேன், அதுதான் நான் செய்ததிலேயே மோசமானது. கடைசியில் என் மனைவிதான், "ஏங்க, மூஞ்சியப் பாத்தா எனக்குத் தெரியாதா, சொல்லுங்க" என்று உட்காரவைத்தார். வீட்டில் சொல்ல முடியாதவர்கள் 14416க்குப் போன் செய்யலாம், அரசின் டெலி மானஸ் மனநலச் சேவை, காசு கிடையாது, 24 மணி நேரமும் இருக்கும், தமிழிலேயே பேசலாம்.