மாநில ஸோனிங் சட்டமும் வீட்டு விலையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எந்த மனையில் எதை, எவ்வளவு கட்டலாம் என்று வரையறுக்கும் விதிதான் ஸோனிங். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 2021 செப்டம்பரில் எஸ்பி 9 என்ற மாநிலச் சட்டம் கையெழுத்தானபோது, தனிவீட்டு ஸோனிங்கே ஒழிந்துவிட்டது என்ற பேச்சு கிளம்பியது. தனிவீட்டுக்கு மட்டும் என்று ஒதுக்கிய மனையை இரண்டாகப் பிரிக்கலாம், மொத்தம் நான்கு வீடுகள் வரை கட்டலாம் என்கிறது அந்தச் சட்டம். 2022 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. ஆனால் மனு போட யாரும் முண்டியடிக்கவில்லை.

காரணம் உட்பிரிவுகளில் இருக்கிறது. மனையைப் பிரிப்பவர் அங்கே குறைந்தது 3 ஆண்டுகள் குடியிருக்கப்போவதாக உறுதிமொழி தரவேண்டும். வாங்கி, பிரித்து, கட்டி விற்பதைத் தொழிலாகக் கொண்டவர் இதைப் படித்ததுமே கழன்றுகொள்வார். வீட்டு உரிமையாளர் சங்கத்தின் உடன்படிக்கை குறுக்கே வந்தால் என்ன செய்வது? அதைப் பற்றிச் சட்டம் வாயே திறக்கவில்லை. ஆக, முதல் தவறு தலைப்பைச் சட்டமாக நினைப்பது.

இதே மாநிலத்தில் கொல்லைப்புறச் சிறுவீடுகளின் கதையைப் பாருங்கள். அவற்றுக்கு அனுமதி முன்பே உண்டு, பெயரளவில். பார்க்கிங் காட்டு, கட்டணம் கட்டு, உரிமையாளர் அங்கேயே குடியிரு என்று ஊருக்கு ஊர் நிபந்தனை போட்டார்கள். 2016 முதல் மாநிலம் அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றியது. இப்போது 750 சதுர அடிக்குக் குறைவான சிறுவீட்டுக்கு உள்கட்டமைப்புத் தாக்கக் கட்டணம் (புதுக் கட்டடத்தால் ஊர் வசதிகளுக்கு ஏற்படும் செலவுக்காக வாங்கும் கட்டணம்) கிடையாது. முழுமையான மனு கையில் வந்தால் ஊர் 60 நாளில் முடிவு சொல்லவேண்டும். 2016இல் ஆயிரத்துச் சொச்சமாக இருந்த அனுமதிகள் சில ஆண்டுகளிலேயே ஆண்டுக்கு 20,000ஐத் தாண்டின. எத்தனை வீடு கட்டலாம் என்ற எண்ணைவிட பார்க்கிங், கட்டணம், மனை எல்லையில் விடவேண்டிய இடைவெளி ஆகியவற்றைத்தான் நான் முதலில் தேடுவேன்.

அடுத்தது சொற்குழப்பம். 'கட்டுப்படியாகும் வீடு' என்று நாம் சொல்வது கையைக் கடிக்காத வாடகையை. சட்டம் சொல்வது வேறு: வட்டார இடைநிலை வருமானத்தில் (பாதிக் குடும்பங்கள் அதற்கு மேலும் பாதி அதற்குக் கீழும் ஈட்டும் தொகை) 80 விழுக்காடு, 50 விழுக்காடு என்று வரம்பு வைத்து, அதற்குள் வருபவருக்காக வாடகையைக் கட்டுப்படுத்திய வீடு. மாசசூசெட்ஸின் 40பி, 1969ஆம் ஆண்டுச் சட்டம். இத்தகைய வீடுகள் 10 விழுக்காட்டுக்குக் குறைவாக உள்ள ஊரில், அனுமதி மறுக்கப்பட்ட கட்டுநர் மாநிலக் குழுவிடம் மேல்முறையீடு செய்யலாம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. தகுதி பெற்ற வாடகைத் திட்டம் என்றால், அதில் சந்தை வாடகைக்குப் போகும் வீடுகளும் சேர்த்தே அந்த 10 விழுக்காட்டுக் கணக்கில் ஏறும். அதனால் "எங்க ஊர் 10 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது" என்று யாராவது சொன்னால், பத்தில் ஒரு வீடு குறைந்த வருமானக் குடும்பத்துக்கு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சரி, ஊரின் அதிகாரத்தில் மாநிலம் மூக்கை நுழைக்கலாமா? இப்படிக் கேட்பவர்களின் கோபம் புரிகிறது, ஆனால் அவர்களின் வாதத்தின் அடிப்படை தலைகீழாக இருக்கிறது. ஸோனிங் செல்லும் என்று 1926இல் யூக்ளிட் என்ற ஊர் தொடர்பான வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னபோதே, அதை மாநிலத்தின் அதிகாரத்தில் வேரூன்றியதாகத்தான் பார்த்தது. ஊர்கள் அதை இரவல் வாங்கி வைத்திருக்கின்றன. மாசசூசெட்ஸில் பாஸ்டனை ஒட்டிய மில்டன் என்ற ஊரில், ரயில் வசதியுள்ள ஊர்கள் அடுக்கு வீடுகளுக்கு இடம் தரவேண்டும் என்ற 2021ஆம் ஆண்டு மாநிலச் சட்டத்துக்காகப் போட்ட திட்டத்தை 2024 பிப்ரவரியில் மக்கள் வாக்களித்துத் தள்ளினார்கள். விவகாரம் அதோடு முடியவில்லை. சட்டம் செல்லும், அட்டர்னி ஜெனரல் ஊரின் மேல் வழக்குப் போடலாம் என்று 2025 ஜனவரியில் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழிகாட்டு விதிகளை முறைப்படி வெளியிடவில்லை என்று அரசுக்கும் ஒரு குட்டு வைத்தது.

அப்புறம், பேர்பெற்ற ஒரு விதியையே முழுக்காரணமாக நினைக்கும் தவறு. உதாரணம் மினசோட்டா மாநிலத்தின் மினியாபோலிஸ். ஒரு மனையில் மூன்று வீடு என்று 2018இல் முடிவெடுத்த நகரம் என்று எல்லோரும் அதையே காட்டுகிறார்கள். அந்த மூவீட்டுக் கட்டடங்கள் சொற்பமே எழுந்தன. புது வீடுகளில் பெரும்பாலானவை பெரிய அடுக்குமாடிகளில் வந்தவை.

கடைசியாக ஒன்று: மாநிலச் சட்டம் எல்லா ஊருக்கும் பொருந்தும் என்று நினைத்துவிடாதீர்கள். வணிகப் பகுதிகளில் அடுக்குமாடி வீடு கட்ட வழிவிடும் டெக்சஸின் எஸ்பி 840, மக்கள்தொகை 1,50,000ஐத் தாண்டிய நகரங்களுக்குத்தான். அதுவும் 3,00,000 பேருக்கு மேல் வாழும் கவுண்டியில் (நம் மாவட்டம் போன்ற பிரிவு) இருந்தால்.