சின்னக் கல்லூரியின் அமெரிக்கன் ஃபுட்பால் (நம் கால்பந்து அல்ல) அணியைப் பின்தொடர்கிறீர்களா?

அமெரிக்காவில் மூன்றாம் டிவிஷன் (பெரும்பாலும் சின்னக் கல்லூரிகள் ஆடும் பிரிவு) கல்லூரி ஃபுட்பாலை டிவியில் தேடி அலைய வேண்டாம், அபூர்வமாகத்தான் வரும். நேராகக் கல்லூரியின் விளையாட்டுத் தளத்துக்குப் போங்கள். அட்டவணை, வீரர் பட்டியல், நேரலை ஸ்கோர் எல்லாம் பெரும்பாலும் அங்கேயே கிடைக்கும். செப்டம்பர் முதல் நவம்பர் நடுப்பகுதி வரை, வழக்கமாக 10 ஆட்டங்கள், அநேகமாக எல்லாமே சனிக்கிழமைகளில். முதலிலேயே போன் காலண்டரில் ஏற்றிவிடுங்கள்.

அப்புறம், மொத்த வெற்றி தோல்விக் கணக்கை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். உங்கள் அணி தன் கான்ஃபரன்ஸ் (ஒன்றோடொன்று மோதித் தங்களுக்குள் சாம்பியனைத் தீர்மானிக்கும் கல்லூரிகளின் குழு) அணிகளுடன் மோதும் ஆட்டங்களைத் தனி நிறத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பொதுவாக கான்ஃபரன்ஸ் சாம்பியனுக்குத்தான் பிளேஆஃபில், அதாவது தேசிய சாம்பியனைத் தீர்மானிக்கும் நாக்-அவுட் சுற்றில், நேரடி இடம். அதனால் செப்டம்பரில் வெளி அணிகளிடம் இரண்டு ஆட்டம் தோற்றாலும் கதை முடிந்துவிடாது. அக்டோபரில் ஒரு கான்ஃபரன்ஸ் ஆட்டம் கைவிட்டுப் போனால்தான் வயிற்றில் புளி கரையும்! அப்போது போட்டி அணிகளின் ஸ்கோரையும் எட்டிப் பார்க்க ஆரம்பியுங்கள். இரண்டு அணிகள் சமமாக முடித்தால், அவை நேருக்கு நேர் மோதியபோது யார் ஜெயித்தது என்பதைத்தான் பெரும்பாலும் முதலில் பார்ப்பார்கள்.