வக்கீல் வைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

‘சிவில், கிரிமினல், குடும்பம், நுகர்வோர்’ என்று பெயர்ப்பலகையில் எல்லாம் இருக்கிறதே என்று நம்பி வக்காலத்தில் (நம் சார்பில் வழக்கு நடத்த வக்கீலுக்கு அதிகாரம் தரும் தாளில்) கையெழுத்துப் போடுவதுதான் பலரும் செய்யும் தவறு. வக்கீல்களைப் பதிவு செய்யும் அமைப்பான பார் கவுன்சிலில் பதிவு செய்த வழக்கறிஞர் எந்தத் துறை வழக்கையும் எடுக்கலாம், சட்டத்தில் தடையில்லை. ஆனால் துறை பழகாதவரிடம் முதலில் தவறிப்போவது கெடு தேதிதான்.

செக் வழக்கையே பாருங்கள். செக் திரும்பியதாக வங்கி சொன்ன 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். எதிராளி நோட்டீஸைப் பெற்று 15 நாளில் பணம் தராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார். புகார் தாமதமானால் தக்க காரணம் காட்டி மன்னிக்கக் கேட்கலாம். நோட்டீஸ் தாமதத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. நுகர்வோர் ஆணையத்திலோ எதிர்த்தரப்பு பதில் மனு போட 30 நாள், கூடுதலாக 15 நாள், அவ்வளவுதான். சிவில் கோர்ட்டில் வாய்தா வாங்கிப் பழகியவர் இங்கே சறுக்குவார்.

ஆகவே “இதே மாதிரி வழக்கு இப்போது எந்த கோர்ட்டில் நடத்துகிறீர்கள்?” என்று கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். நீதிமன்ற வழக்கு விவரங்கள் உள்ள இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் மாவட்டம், நீதிமன்ற வளாகம் தேர்ந்தெடுத்து வக்கீல் பெயரைப் போட்டால் அவருடைய வழக்குகள் வரும். இனிஷியலை முன்னும் பின்னுமாக மாற்றித் தேட வேண்டியிருக்கும். ஒரே பெயரில் பலர் இருப்பதால் பார் கவுன்சில் பதிவு எண்ணையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த எண்ணோடு வரும் ஆண்டைக் கண்டு மயங்கவும் வேண்டாம். 1998-இல் பதிவு செய்தவர் இடையில் பல வருடம் சம்பள வேலைக்குப் போயிருக்கலாம். அப்படி வேலையில் இருக்கும் காலத்தில் வக்கீல் தொழில் செய்ய அனுமதியில்லை. 2009-10 கல்வியாண்டு முதல் சட்டம் முடித்தவர் என்றால், அகில இந்திய பார் தேர்வு எழுதித் தேறினாரா என்று பாருங்கள்.

‘சீனியர்’ என்ற சொல்லிலும் குழப்பம் உண்டு. ஜூனியர்கள் மரியாதைக்குக் கூப்பிடும் சீனியர் வேறு, நீதிமன்றம் அறிவித்த மூத்த வழக்கறிஞர் வேறு. பின்னவர் வக்காலத்துத் தாக்கல் செய்யவே முடியாது; இன்னொரு வக்கீல் மூலம்தான் வருவார். இரண்டு ஃபீஸ் என்பதை முதலிலேயே கணக்குப் போடுங்கள்.

ஃபீஸை வாய்ப்பேச்சில் விடாதீர்கள். எதற்கு எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். விபத்து இழப்பீட்டில் ‘வருவதில் இத்தனை சதவீதம்’ என்று பேசுவது பார் கவுன்சில் விதிப்படி தவறு. வெற்றுத்தாளில் கையெழுத்து வேண்டவே வேண்டாம்.

வக்கீலை மாற்ற நேர்ந்தால், ஃபீஸ் பாக்கியைச் சொல்லிக் கேஸ் கட்டைப் பிடித்து வைக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2000-இலேயே சொல்லிவிட்டது. மறுத்தால் மாநில பார் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். பாக்கியை வசூலிக்க அவருக்குத் தனி வழி இருக்கிறது.